வேழக்கண்ணி உதவி கேட்க மாட்டாள்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்குத் தளபதி வேழக்கண்ணி கோட்டை மதில்மேல் நின்று வாளை ஒரு சுழற்று சுழற்றினாள் பாருங்கள், பார்த்துக்கொண்டிருந்த முந்நூற்று நாற்பது பேரும் வாயைப் பிளந்தார்கள். கீழே எதிரிப் படகுகள், மேலே புகை, நடுவில் இவள். அமைச்சர் கூர்வழுதி மட்டும் தாடியைத் தடவியபடி, இந்தம்மா இன்றைக்கு எங்கே சறுக்கும் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூர்வழுதிக்கு எழுபது வயது, வளைந்த முதுகு, வஞ்சகப் புத்தி. அவராக நடிக்கிற தாரணிக்கு முப்பத்துமூன்று வயது. கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. மைக்ரோமீட்டரை வைத்து அளந்து, ஒரு முடி அளவு கூடினாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவாள். அந்தப் புத்தியைக் கம்பெனி கேட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் தேவலை. சிங்காநல்லூர் வீட்டுக்கு வந்து தலைக்கவசத்தை மாட்டினாலும் அதே ஸ்டிக்கர் ஒட்டுகிற கைதான்.

'கருநீர்க் கோட்டை' மொத்தம் பதினோரு பாகம். எழுதினவர் பன்னிரண்டாவதைத் தொடங்காமலே கண்ணை மூடிவிட்டார். வாசகர்கள் சும்மா இருப்பார்களா? இணையத்தில் ஒரு கூடம் சேர்த்தார்கள். நூலில் வருகிற ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் ஆள், தேர்வு வைத்து எடுத்த ஆள். தலையில் கவசமும் கைகளில் உறையும் மாட்டிக்கொண்டால் அந்தக் கோட்டைக்குள் அந்தப் பாத்திரமாகவே நிற்கலாம். வாரா வாரம் கதை நகரும்; பழைய பாகங்களை நடித்து முடித்து, இப்போது பன்னிரண்டாவதைத் தாங்களே நகர்த்திக்கொண்டிருந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் பூப் போடுவார்கள். நிஜத்தில் நீ யார், எந்த ஊர், ஆணா பெண்ணா என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்கக் கூடாது. சொல்லவும் கூடாது.

குரல் முதலிலிருந்தே பாத்திரத்தின் குரலாகத்தான் கேட்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் கூடத்தை நடத்துகிறவர்கள் அதற்கும் மேலே காப்பானைக் கொண்டுவந்தார்கள். காப்பான் என்பது ஓர் இயந்திரம். நீங்கள் என்ன பேசினாலும் அதைப் பாத்திரத்தின் குரலில், நூலின் பாஷையில், நூலில் இருக்கிற பொருளாக மாற்றித்தான் வெளியே விடும். "கரண்ட் போயிடுச்சு" என்று முனகினால் "விளக்குகள் அவிந்தன" என்று கோட்டை முழுக்க எதிரொலிக்கும். அடுப்படியில் குக்கர் விசில் அடித்தால் காவல் கொம்பு ஊதும். அட, என்ன சுகம் தெரியுமா அது! முன்பெல்லாம் யாராவது ஒருத்தர் வீட்டு நாய் குரைத்து, நல்ல காட்சி நாசமாகும். இப்போது அந்த நாயும் போர்க்களத்து ஓநாயாகிவிட்டது.

சொந்தக் குரலில் பேசியே தீரவேண்டும் என்றால் அதற்கும் வழி வைத்திருந்தார்கள். இரண்டு உள்ளங்கைகளையும் வாய்க்கு இரண்டு பக்கமும் வளைத்துப் பிடிக்க வேண்டும், அடைப்புக்குறி போட்ட மாதிரி. கைகள் அப்படி நிற்கிறவரை காப்பான் ஒதுங்கிக்கொள்ளும். கையை இறக்கினால் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. நூலில் ஒரு பாத்திரம் செய்யவே செய்யாத ஒன்றை யாராவது செய்தால் மீறல் புகார் கொடுக்கலாம். கொடுத்த கையோடு அந்த ஆளுக்குக் கால் மணி நேரம் வாய்ப்பூட்டு, அப்புறம் நடுவர் குழு தீர்ப்பு. புகார் தோற்றாலோ, கொடுத்தவரே திரும்பப் பெற்றாலோ, நடுவர் குழுவே மாற்றிச் சொன்னால் ஒழிய, அது பொய்ப் புகார். மூன்று பொய்ப் புகார் சேர்ந்தால் கொடுத்தவரின் பாத்திரம் பறிபோகும். தாரணியின் பெயரில் ஏற்கெனவே இரண்டு இருந்தன. இரண்டும் வேழக்கண்ணிமேல் கொடுத்துத் தோற்றவை. சும்மா சொல்லக் கூடாது, அந்தத் தளபதியாக நடித்த ஆள் அப்படிக் கச்சிதம். அதனாலேயே தாரணிக்கு வயிற்றெரிச்சல். கம்பெனியில் மீட்டிங் என்றால் வாயே திறக்காதவள் அவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு நாடே நடுங்குகிற குரல் அவளுக்கு இருந்தது. கூர்வழுதி போய்விட்டால் அந்தக் குரலும் போய்விடும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வாள் சுழன்றதா? சுழன்ற வேகத்தில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. மதிலே இடிந்த மாதிரி ஒரு சத்தம். வேழக்கண்ணி தடாலென்று மல்லாக்க விழுந்தாள். அப்புறம் ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு அந்தக் கம்பீரக் குரல் விட்டுவிட்டு வந்தது.

"கோட்டைக் கதவு என்மீது சரிந்துவிட்டது. என்னால் தூக்க இயலவில்லை. யாரேனும் வாருங்கள்."

ஐயோ, கூட்டம் ஆடிப்போனது. பூ கொட்டு கொட்டென்று கொட்டியது. என்ன நடிப்பு, என்ன நடிப்பு என்று ஓரத்தில் வரிவரியாக ஓடியது. தாரணிக்கோ ரத்தம் ஜிவ்வென்று தலைக்கு ஏறியது. பிடித்துவிட்டாள்! பதினோரு பாகத்திலும் வேழக்கண்ணி யாரையும் "வாருங்கள்" என்று கூப்பிட்டதே கிடையாது. ஆறாம் பாகத்தில் அம்பு தைத்த காலோடு மூன்று நாள் தனியாக நீந்தி வந்தவள். ஒன்பதில் கண்ணில் மண் விழுந்தபோதும் தண்ணீர் கேட்காதவள். இவளாவது உதவி கேட்பதாவது. தாரணி யோசிக்கவே இல்லை, புகாரைப் போட்டாள். தளபதியின் வாயில் பூட்டு விழுந்தது.

சந்தோஷமாகத்தான் இருந்தது, சுமார் இருபது நொடி. அப்புறம் கூர்வழுதி நாலடி நடந்து, விழுந்து கிடந்தவளைக் குனிந்து பார்த்தார். வேழக்கண்ணியின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன, சத்தம் வரவில்லை. இடது கை தரையோடு செத்துக் கிடந்தது. வலது கை மட்டும் மேலே வந்து, வாய்க்குப் பக்கத்தில் வளைந்து நின்று, நடுங்கி, கீழே விழுந்தது. மறுபடி வந்தது. மறுபடி விழுந்தது.

பாதி அடைப்புக்குறி.

தாரணிக்குப் புரிந்தது. அந்த ஆளுக்கு ஒரு கையைத் தூக்க முடியவில்லை. இரண்டு கையும் இல்லாவிட்டால் காப்பான் விலகாது. நிஜமாகவே ஏதோ மேலே விழுந்து, நிஜமாகவே யாரையோ கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிட்ட வாயைத்தான் இவள் பூட்டியிருக்கிறாள்.

புகாரைத் திரும்பப் பெறும் பொத்தானை அழுத்தினாள். இது மூன்றாவது பொய்ப் புகாராகப் பதிவாகும், சம்மதமா என்று கேட்டது. உடனே அழுத்தினாள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் பொய் எதற்கு, ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் யோசித்தாள். அந்த ஒரு மூச்சை நினைத்து அப்புறம் பல நாள் வெட்கப்பட்டாள். அழுத்தினாள், பூட்டு கழன்றது.

"வாருங்கள்," என்றாள் வேழக்கண்ணி. குரல் பாதியாகியிருந்தது.

தாரணி இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் வளைத்துக்கொண்டு, இது நடிப்பில்லை, நிஜமாக அடிபட்டிருக்கிறது, பூப் போடுவதை நிறுத்துங்கள் என்று கத்தினாள். சிலர் நிறுத்தினார்கள். சிலர், அமைச்சரும் பின்னுகிறார் என்று அவளுக்கும் சேர்த்துப் பூப் போட்டார்கள். கூடத்து உதவி மையத்தைக் கூப்பிட்டால், உறுப்பினர் விவரம் யாருக்கும் தரப்பட மாட்டாது, மூன்று வேலை நாட்களில் பதில் வரும் என்று ஒரு குரல் இனிமையாகச் சொன்னது. அன்றைக்கு ஞாயிறு. தாரணி கவசத்தை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு ஆம்புலன்ஸ் கண்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டாள். எடுத்தது ஒரு பெண்.

"பேஷண்ட் பேரு சொல்லுங்க."

"வேழக்கண்ணி."

"இனிஷியல்?"

"அது பாத்திரம்ங்க. கதையில வர்ற தளபதி."

"கதையில வர்றவங்களுக்கா ஆம்புலன்ஸ் கேக்கறீங்க?"

"இல்லைங்க, அடிபட்டது நிஜத்துல. ஆனா அவங்களால கதையிலதான் சொல்ல முடியுது. என்ன பேசினாலும் மிஷின் மாத்திடுது. எது மேல விழுந்துச்சுன்னு தெரியல, கோட்டைக் கதவுன்னு வருது. ஊர் பேர் சொன்னாலும் கதையில இருக்கற ஊராத்தான் வரும்."

போனை வைத்துவிடுவார்கள் என்றுதான் தாரணி நினைத்தாள். அந்தப் பெண் வைக்கவில்லை. யோசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஆமாங்கறத உங்க மிஷின் எப்படி மாத்தும்?"

தாரணிக்குச் சுளீரென்றது. ஆமாம் என்றால் "ஆம்". இல்லை என்றால் "இல்லை". அதில் மாற்ற என்ன இருக்கிறது? அட்ரஸ் தெரிந்த அடுத்த நிமிஷம் வண்டி கிளம்பும், கண்டுபிடிங்க மேடம் என்றாள் அந்தப் பெண். தாரணி போனை ஸ்பீக்கரில் போட்டு ஸ்டூலில் வைத்துவிட்டு, கவசத்தை இறக்கி, கைகளை வாய்க்குப் பக்கத்தில் வளைத்தாள். அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் அந்தக் கைகள் இறங்கவில்லை.

சென்னையா என்றாள். "இல்லை!" என்று தளபதி முழங்கினாள், பின்னாலேயே முரசு வேறு. மதுரையா, இல்லை. சேலமா, இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் முரசு அதிர்ந்தது, காப்பானுக்கு அவ்வளவு விசுவாசம். திருச்சியா என்றதும் "ஆம்" வந்தது. தாரணி கட்டிலில் இருந்து எழுந்தே நின்றுவிட்டாள். ஆனால் திருச்சியில் அவளுக்குத் தெரிந்தது மலைக்கோட்டை ஒன்றுதான். கூடத்தில் திருச்சி ஆள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டாள்.

ஒருத்தரும் மூச்சு விடவில்லை. ஊரைச் சொன்னால் கூடத்தை விட்டு வெளியேற்றுவார்கள், எல்லாருக்கும் அது மனப்பாடம். உயிர் போகிறது, யாராவது சொல்லித் தொலையுங்களேன் என்று தாரணி கெஞ்சினாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது படகுத்துறையில் இருந்து ஒருத்தன் எழுந்து கையை வளைத்தான். படகோட்டி தும்பன், கதையில் திக்குவாய்.

"அக்கா, நான் திருச்சிதான். பேரு இம்ரான். பாலக்கரையில வீல் அலைன்மென்ட் கடை வச்சிருக்கேன். நம்பர் சொல்றேன், எழுதிக்கங்க."

திக்கவே இல்லை. தாரணி நம்பரைத் திருப்பிச் சொல்ல, ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கண்ட்ரோல் ரூம் பெண் அவனையும் அதே லைனில் சேர்த்துவிட்டாள். அவன் ஏரியா பெயர்களைச் சொல்லச் சொல்லத் தாரணி கேட்டாள். பொன்மலை இல்லை, உறையூர் இல்லை, தில்லைநகர் இல்லை. கே.கே. நகர், ஆம். அப்பார்ட்மெண்டா, ஆம். எத்தனையாவது மாடி என்று எண்ணிக்கொண்டே போனதில் மூன்றில் நின்றது. படியேறினால் இடது பக்கக் கதவு. இம்ரான் அதற்குள் கவசத்தைக் கழற்றிவிட்டுப் பைக்கில் ஏறியிருந்தான். ஓட்டிக்கொண்டே கே.கே. நகரில் தனக்குத் தெரிந்த அப்பார்ட்மெண்ட் பெயர்களைக் கத்தினான், மொத்தம் பதினொன்று. தாரணி ஒவ்வொன்றாகக் கேட்டாள். முதல் எட்டுக்கும் இல்லை, இல்லை என்று வந்தது. போகப் போக முரசு மட்டும்தான் பலமாக இருந்தது, குரல் தேய்ந்துகொண்டே வந்தது. ஒன்பதாவதாகக் கோகுலம் பிளாட்ஸா என்று கேட்டாள். பதில் இல்லை.

மறுபடி கேட்டாள். மதில்மேல் காற்று அடித்தது, அவ்வளவுதான். வேழக்கண்ணியின் மார்பு மட்டும் லேசாக ஏறி இறங்கியது. தாரணி அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இன்னும் மூன்று கட்டடம். கண்ட்ரோல் ரூம் பெண் வண்டியைக் கே.கே. நகருக்கே அனுப்பிவிட்டாள், எந்தத் தெரு என்று அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று. கோகுலம் பிளாட்ஸில் மூன்றாம் மாடி இடது பக்கக் கதவைத் தட்டினால் ஒரு குடும்பமே உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பொன்னி கார்டனில் மூன்றாவது மாடியே கிடையாது. கடைசியாக வாரி என்கிளேவ். இம்ரான் மூச்சிரைக்க வாட்ச்மேனிடம், மூன்றாம் மாடி இடது பக்கம் இருக்கிற மேடம் அடிபட்டுக் கிடக்கிறார்கள் என்றான். வாட்ச்மேன் நிதானமாகச் சொன்னது தாரணியின் போனிலும் கேட்டது.

"அந்த வீட்டுல லேடீஸே கிடையாது தம்பி. சர்வேயர் சார் ஒருத்தர்தான், தனி ஆளு. அவரு ஞாயித்துக்கிழமை யாருக்கும் கதவு தொறக்க மாட்டாரு."

இம்ரானுக்கு ஓய்ந்துபோனது. ஒருவேளை தனக்குத் தெரியாத பன்னிரண்டாவது கட்டடம் ஏதாவது இருக்கும், தெருத் தெருவாகப் போய்ப் பார்க்கிறேன் என்று பைக்கைத் திருப்பப் போனான். சரி, சீக்கிரம் என்று தாரணியும் சொல்லிவிட்டாள். ஆமாம், சொல்லிவிட்டாள். ஊரைக் கேட்டாள், தெருவைக் கேட்டாள், மாடியைக் கேட்டாள், கதவு எந்தக் கைப்பக்கம் என்பதுவரை கேட்டவள், நீங்கள் ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்கவில்லை. கூடத்தில் அதைக் கேட்கக் கூடாது. ஐந்து வருஷப் பழக்கம், வாயிலேயே வரவில்லை.

முகத்துக்குக் கீழே தொங்கிய தன் நரைத்த தாடியை அப்போதுதான் பார்த்தாள். மதில்மேல் கிடந்த பித்தளைக் கேடயத்தில் அது நன்றாகவே தெரிந்தது. அடிப்பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"இம்ரான், நில்லு. போகாத. அந்த சார்தான் வேழக்கண்ணி. கதவ உடை."

வாட்ச்மேன் முதலில் முடியாது என்றாராம். அப்புறம் எதிர்வீட்டுக்காரர் ஒரு கடப்பாரையோடு வந்திருக்கிறார். போனில் தடதடவென்று சத்தம், பிறகு ஒரே கூச்சல். அதற்குமேல் போன் தேவைப்படவில்லை. சர்வேயரின் கவசம் இன்னும் தலையிலேயே இருந்ததால் அறைக்குள் நடந்தது பூராவும் கோட்டைக்குள் கேட்டது. "பிடிங்கண்ணே, அந்தப் பக்கம் தூக்குங்க" என்று இம்ரான் கத்தியிருப்பான். "வீரர்களே, பற்றுங்கள்! எழுப்புங்கள்!" என்று கருநீர்க் கோட்டை கிடுகிடுத்தது. கொம்பு ஊதியது, அது ஆம்புலன்ஸ். முந்நூற்று நாற்பது பேர் இப்போது இருபதாயிரம் பேராகியிருந்தார்கள். ஒரு பூகூட விழவில்லை. கண்ணுக்குத் தெரியாத கைகள் தளபதியைத் தூக்க, அவள் உடம்பு மதிலைவிட்டு மேலே எழும்பி, பட்டென்று காணாமல் போனது. கவசத்தைக் கழற்றிவிட்டார்கள்.

பத்து நிமிஷம் கழித்து ஸ்பீக்கரில் இம்ரான் குரல் மறுபடி வந்தது. இரும்பு பீரோ. ஒரு கால் ஆடுகிறது என்று அட்டையை மடித்து முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார். வாளைச் சுழற்றின கை பீரோ கைப்பிடியில் மாட்டி, ஆளோடு சாய்த்துவிட்டது. அவர் போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது. உயிர் இருக்கிறது அக்கா, கண்ணு முழிச்சுட்டாரு என்றான். தாரணி கைகளை இறக்கினாள். இரண்டு தோளும் விண்விண்ணென்று தெறித்தன. அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

பெயர் இன்னாசிமுத்து, வயது ஐம்பத்தேழு. இடது கை எலும்பு முறிவு, மூன்று விலா. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் இருந்து அவரே தாரணியைக் கூப்பிட்டார். ஐந்து வருஷமாக எதிரும் புதிருமாக நின்று கர்ஜித்தவர்கள், இப்போது என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சாப்பிட்டீங்களா சார் என்றாள். இட்லி கொடுத்தார்கள் என்றார். நன்றி என்று அவர் சொல்லவே இல்லை. சொல்ல வாயெடுத்து வாயெடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, உங்க கூர்வழுதி எட்டாம் பாகத்து தர்பார்ல பேசினது பிரமாதம்மா என்று ஐந்து வருஷத்துப் பழைய காட்சியைப் பாராட்டினார். அவருக்கு அவ்வளவுதான் வந்தது.

இதற்குள் கூடத்தில் வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. அந்தக் காட்சியை லட்சக்கணக்கில் பார்த்துவிட்டார்கள். கூடத்தை நடத்துகிறவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. காப்பான் விதிப்படிதான் வேலை செய்தது, அதில் குறை ஒன்றுமில்லை என்று ஓர் அறிக்கை விட்டார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: வேழக்கண்ணி முதன்முதலாக உதவி கேட்கும் இந்தக் காட்சி பன்னிரண்டாம் பாகத்தில் மூலநூலாகவே சேர்க்கப்படும், இதைவிட நல்ல திருப்பம் கிடைக்காது. வியாழக்கிழமை நடுவர் குழு கூடி முடிவு செய்யும். அப்படியானால் வேழக்கண்ணி உதவி கேட்டது நூலுக்குச் சரி. சரியென்றால், திரும்பப் பெற்ற தாரணியின் புகாரும் பொய் என்றே நிற்கும். பொய்ப் புகார் மூன்று.

கூர்வழுதிக்கான தேர்வுக்கு அதற்குள்ளேயே இருநூற்று அறுபது பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். உயிரைக் காப்பாற்றினவளுக்கு இப்படியா என்று சிலர் எழுதினார்கள். விதி விதிதான் என்று பலர் எழுதினார்கள். அப்படிச் சொல்லிக் கொடுத்தவளே தாரணிதானே! யாரிடம் போய் முறையிடுவாள்? இன்னாசிமுத்துவிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. விலா ஒடிந்து கிடக்கிற மனிதரிடம் என் தாடி போகிறது சார் என்று எப்படிச் சொல்வது. இம்ரானிடம் மட்டும் சொல்லிப் புலம்பினாள். இம்ரான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா?

வியாழக்கிழமை சாயங்காலம் நடுவர் குழு கூடியது. அந்தக் கூட்டத்தில் காப்பான் கிடையாது, கோட்டையும் கிடையாது, குரல்கள் மட்டும். தலைமை நடுவர் தீர்மானத்தை வாசித்தார். ஆட்சேபம் யாருக்காவது உண்டா என்று ஒப்புக்குக் கேட்டார்.

"எனக்கு உண்டு," என்று ஒரு கட்டைக் குரல் கேட்டது. மூச்சு வாங்கி வாங்கிப் பேசியது. வேழக்கண்ணியாக நடிக்கிறவன் நான் என்றது.

பெயர் சொல்ல வேண்டாம், விதியை மீறுகிறீர்கள் என்று நடுவர் தடுத்தார். கட்டைக் குரல் நிற்கவில்லை.

"பேரு இன்னாசிமுத்து. திருச்சி. சர்வே ஆபீஸ்ல இருக்கேன். பதினோரு பாகத்தையும் நாப்பது தடவை படிச்சிருக்கேன். இந்தக் காட்சிய நூல்ல சேக்கக் கூடாது. வேழக்கண்ணி உதவி கேக்க மாட்டா. அந்தப் புகார் கொடுத்தாங்களே, அவங்க கொடுத்தது சரியான புகார்."

ஆனால் எங்கள் பதிவில் தளபதி இரண்டு முறை கேட்டிருக்கிறாரே என்றார் நடுவர்.

"அவ கேக்கல." ஆறு வருஷமாக அந்தக் குரலைத் தளபதியின் தொண்டைக்குள் ஒளித்து வைத்திருந்தவர், ஊரறிய அதை வெளியே எடுத்தார். "கேட்டது நான். எனக்குப் பயமா இருந்துச்சு. யாராவது வரணும்னு இருந்துச்சு. அதான் கூப்பிட்டேன்."

பெருமை பிடித்த மனுஷன் என்று தாரணி நேற்றுவரை நினைத்திருந்தாள். பாத்திரத்தின் மானத்தைக் காப்பாற்றத்தான் பேசுகிறார் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். தன் மானத்தை விற்று அவர் எதை வாங்கிக் கொடுக்கிறார் என்பது அவளுக்கும் இம்ரானுக்கும் மட்டும்தான் தெரிந்தது.

நடுவர்கள் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள், பிறகு தீர்ப்பு வந்தது. காட்சி நீக்கப்படுகிறது. திரும்பப் பெற்றிருந்தாலும் புகார் செல்லும், ஆகவே கூர்வழுதி தாரணியிடமே இருப்பார். மூலநூலை மீறியதற்கும் பெயரைச் சொன்னதற்கும் சேர்த்து வேழக்கண்ணியாக நடிப்பவருக்கு ஒரு மாதம் தடை. இம்ரானுக்கும் அதே ஒரு மாதம். வெளியேற்றினால் இருபதாயிரம் பேர் சண்டைக்கு வருவார்கள் என்று நடுவர்களுக்கும் தெரிந்திருந்தது.

தாரணிக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே இரண்டு சுற்று சுற்றிவிட்டு இன்னாசிமுத்துவுக்குப் போன் போட்டாள். எப்படி சார், ஏன் சார் என்று என்னென்னவோ கொட்டினாள். அவர் எல்லாவற்றுக்கும் விடும்மா, விடும்மா என்றார். சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். ஒரு மாசம் கூடமும் இல்லாமல் அந்த வீட்டில் தனியாக என்ன பண்ணுவீர்கள் என்று கேட்டாள்.

டிவி இருக்கிறது என்றார். பேப்பர் வரும் என்றார். சரி சார் என்று தாரணி போனை வைக்கப் போனாள்.

"தாரணிம்மா."

"சொல்லுங்க சார்."

"அந்த இம்ரான் தம்பிகிட்ட... சாயங்காலம் கடை சாத்தினதும் இந்தப் பக்கம் ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்றியா? வேலை ஒண்ணும் இல்ல. சும்மாதான்."